சேரி மட்டுமா களம்?

(திண்டுக்கல்லில் சமூகப்பணி படிக்கும் மாணவ மாணவியரும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசியவர்கள், சமூகப்பணி படித்தால் எந்தெந்த வேலைக்குப் போகலாம் என்று விளக்கமாகச் சொன்னார்கள். மில்லில் மனிதவள அதிகாரி, ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப்பணியாளர், என்.ஜி.ஓ.வில் ஒருங்கிணைப்பாளர், குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அலுவலர். நல்லது. அந்த வேலையெல்லாம் நமக்கும் வேணும். ஆனால் அந்த வேலைக்குப் போற வழியில் ஒரு கேட் இருக்கிறது. அந்தக் கேட்டைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். அதற்குப் பெயர் களப்பணி. உங்க பாஷையில் சொன்னா, பிளேஸ்மெண்ட்.

இயக்கத் தோழர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருசப் படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு இருக்காது. ஒரு நிறுவனத்துக்கோ கிராமத்துக்கோ போய் வேலை பழக வேண்டும். வாரம் 15 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நடுவில் ஒரு கிராம முகாம். கடைசியில் ஒரு மாதம் 'பிளாக் பிளேஸ்மெண்ட்' என்று ஏதாவது ஒரு நிறுவனத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வாராவாரம் ரிப்போர்ட். அதில் நிறுவனத்தில் ஒருத்தர், கல்லூரியில் ஒருத்தர் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போடணும். அப்புறம் வைவா. எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் களப்பணியில் விழுந்தால் பட்டம் கைக்கு வராது.

அப்படியானால் ஒரு கேள்வி கேட்கணுமா இல்லையா? யாரை எங்கே அனுப்புவது என்று யார் முடிவு பண்றாங்க? எந்த இடம் 'களம்', எந்த இடம் 'அலுவலகம்' என்று யார் பிரிக்கிறார்கள்?

நான் பார்த்த வரைக்கும் சேரியைக் களமாகவும் ஊரை அலுவலகமாகவும் வைத்துத்தான் இந்தப் படிப்பு நடக்கிறது. ஆய்வு செய்ய, கணக்கெடுக்க, விழிப்புணர்வு ஊட்டச் சேரி. கையெழுத்து வாங்க, சான்றிதழ் வாங்க, வேலை வாங்க ஊர். சாதி என்கிற நோய் எங்கே இருக்கிறது தோழர்களே? தீண்டுகிறவன் வீட்டிலா, தீண்டாதே என்கிறவன் வீட்டிலா? நோய் ஊரில் இருக்க, ஊசியைச் சேரியில் போட்டுக்கொண்டிருக்கிறோம். இதை நான் இன்றைக்குப் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. இதைச் சொன்னவர் பாபாசாகேப். சொன்ன வருசம் 1932.

அந்த விசயத்தை நீங்கள் தெரிந்துகொள்ளணும். பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு சாதி இந்துத் தலைவர்கள் தீண்டாமை ஒழிப்புக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அதுதான் அரிசன சேவா சங்கம் ஆனது. தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர். மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற வழியில், 1932 நவம்பரில், கப்பலில் உட்கார்ந்து அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவர் பிரித்துக் காட்டுவது இரண்டு பாதைகளை. ஒரு மனிதன் தாழ்ந்து கிடப்பதற்கு அவனுடைய குடியும் பழக்கமும்தான் காரணம் என்று நினைப்பவர்கள், அவனைத் திருத்த பள்ளி, நூலகம், மதுவிலக்குப் பிரச்சாரம் என்று போவார்கள். அவனைச் சுற்றியுள்ள சமூகச் சூழல்தான் காரணம் என்று நினைப்பவர்கள், கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, வண்டி என்று பொது உரிமைகளுக்காக ஊரோடு மோதுவார்கள். சங்கம் இரண்டாவது பாதையில் போக வேண்டும், அதற்குக் கிராமங்களில் ஊழியர் படை வேண்டும், அந்த ஊழியர்களில் ஒடுக்கப்பட்ட மக்களே இருக்க வேண்டும், அவர்களுக்குத்தான் இந்த வேலை அன்பால் செய்கிற வேலையாக இருக்கும் என்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 1945இல் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்தக் கடிதத்தையும், பதில் வராத கதையையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வியின் வரலாறு என்று உங்கள் பாடப்புத்தகம் எங்கே ஆரம்பிக்கும்? 1936, பம்பாய், டாட்டா பள்ளி, கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்கிற அமெரிக்கப் பாதிரியார். பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. சரி, அது நடந்த உண்மை. ஆனால் அதே பம்பாயில் அதற்குப் பன்னிரண்டு வருசம் முன்னாலேயே, 1924இல், அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கி மாணவர் விடுதி, படிப்பகம் என்று வேலையை ஆரம்பித்துவிட்டார். நம் பக்கம் வந்தால் 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தரின் நந்தனார் கல்விக் கழகம். சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய எல்.சி. குருசாமி. இவர்களெல்லாம் செய்தது சமூகப்பணி இல்லையா? சமூகப்பணியை நமக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றால் நாம் என்றைக்கும் பயனாளிதான். நாமும் அதை உண்டாக்கினோம் என்றால் நமக்கும் அதில் பேச்சுரிமை உண்டு.

திண்டுக்கல்காரர்களுக்கு இது தூரத்து விசயம் கிடையாது. கொஞ்சம் தள்ளி, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் ஆரம்பித்தது. 1956இல் கிராமியக் கல்வி நிலையம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எந்தத் துறை மாணவராக இருந்தாலும் கிராமத்தில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும் என்கிற பழக்கத்தை இந்த வட்டாரத்தில் வேர்விடச் செய்தது அந்த இடம். அது பெரிய விசயம். ஆனால் 'கிராமம்' என்று ஒன்று மொத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. நடுவில் ஒரு ரோடோ ஓடையோ இருக்கிறது.

கிராம முகாமில் நீங்களெல்லாம் கோலப்பொடியில் ஊர் வரைபடம் போட்டிருப்பீர்கள். பி.ஆர்.ஏ. பண்றோம் என்று தெருவில் மக்களை உட்கார வைத்து அவர்களையே வரையச் சொல்வார்கள். பச்சைப்பொடி தோட்டம், நீலப்பொடி கண்மாய், செங்கல்பொடி ஓட்டுவீடு. நான் அந்த மாதிரிப் படங்கள் ஏகப்பட்டது பார்த்துவிட்டேன். அதில் சுடுகாடு இரண்டு இருக்கும். மேல்நிலைத் தொட்டி இரண்டு இருக்கும். கோயிலுக்குப் போற பாதை ஒரு பக்கம் பாதியில் நின்றுபோகும். வரைந்த மக்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. அதை நோட்டில் காப்பி பண்ணி ரிப்போர்ட்டாக எழுதும்போதுதான் 'குடிசை வீடு 60, மாடி வீடு 25' என்று மாறிவிடுகிறது. ஏன் இரண்டு சுடுகாடு என்கிற கேள்வி ரிப்போர்ட்டில் ஏறுவதில்லை. கடைசிப் பக்கத்தில் 'பரிந்துரைகள்: மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததால் முகாம்கள் நடத்த வேண்டும்'. யாரிடம் விழிப்புணர்வு இல்லை? தனிச் சுடுகாடு வைத்திருக்கிறவனுக்கு யார் முகாம் நடத்துவது?

என் படிப்புக் காலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். என் வகுப்பில் நாங்கள் ஏழு பேர் தலித் மாணவர்கள். முதல் செமஸ்டர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஏழு பேரில் ஆறு பேருக்குச் சேரி. மில், ஆஸ்பத்திரி எல்லாம் மற்றவர்களுக்கு. கேட்டதற்கு ஓர் ஆசிரியர் சொன்ன பதில்: "உங்களுக்கு அந்த மக்கள் பழக்கம்தானப்பா, ஈஸியா இருக்கும்." ஈஸியாகத்தான் இருந்தது. நிலக்கோட்டை பக்கம் ஒரு காலனி. நான் கேள்வித்தாளை எடுத்து வைத்ததும் ஒரு அப்பத்தா கேட்டது: "ஏய்யா, நீ யாரு வீட்டுப் புள்ள? இதெல்லாம் ஒனக்கே தெரியுமே, எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" கேள்வி 14, வீட்டில் கழிப்பறை உண்டா. கேள்வி 15, குடிப்பழக்கம் உள்ளவர் எத்தனை பேர். என் வீட்டில் உட்கார்ந்து நானே பூர்த்தி செய்திருக்கலாம். அந்த ஒன்றரை வருசத்தில் நான் புதிதாகக் கற்றுக்கொள்ள அங்கே என்ன இருந்தது? மில்லுக்குப் போன நண்பன் பி.எஃப். படிவம் எப்படிப் பூர்த்தி செய்வது, தொழிலாளர் அலுவலரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் பழகிவிட்டான். படிப்பு முடிந்து இன்டர்வியூ போனபோது முதல் கேள்வி, "பிளேஸ்மெண்ட் எந்தக் கம்பெனியில?" நான் காலனி பேரைச் சொன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இதற்குள் இரண்டு அநியாயம் இருக்கிறது. தலித் மாணவனுக்கு வேலை பழகும் வாய்ப்பு போகிறது. சேரி மக்களுக்கோ வருசா வருசம் ஒரு கேள்வித்தாள் வருகிறது, ஒரு வரியும் திரும்பி வருவதில்லை.

சரி, மில்லுக்குப் போகிறவர்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? அதையும் பார்ப்போம். 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. நம் மாநிலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படிப்புக்கு இவ்வளவு கிராக்கி வந்ததில் அதற்குப் பெரிய பங்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 250 பேர் என்று ஆகிவிட்டது. அதாவது இந்த வேலை இன்னும் கூடும். சம்பளம் கொடுப்பது முதலாளி, நலம் பார்க்க வேண்டியது தொழிலாளியை. இந்த முடிச்சை வகுப்பில் யாரும் அவிழ்ப்பதில்லை. பழக்கத்துக்குப் போகிற மாணவன் அலுவலக அறையில் ஃபைல் அடுக்குகிறான், வருகைப் பதிவை ஏற்றுகிறான். ஷெட்டுக்குள் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பெண்கள் விடுதிப் பக்கம் விடமாட்டார்கள். ரிப்போர்ட்டில் கேண்டீன் உண்டு, ஓய்வறை உண்டு, குழந்தைக் காப்பகம் உண்டு என்று சட்டப் பிரிவு எண்ணோடு எழுதிவிட்டு வருகிறான்.

இந்த மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மூன்று வருசம் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போன 'சுமங்கலித் திட்டம்' நடந்த பூமி இது. போன பிள்ளைகளில் பெரும்பகுதி யார் வீட்டுப் பிள்ளைகள்? நம் வீட்டுப் பிள்ளைகள்.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அந்த ஆலையில் பெண்கள் நீண்ட காலமாகப் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகிவந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. 2013லேயே பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண்ணை அது காப்பாற்றவில்லை.

அப்புறம் என்ன நடந்தது? டி.டி.சி.யூ. என்கிற, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. ஆசிய அளவிலான ஒரு தொழிலாளர் கூட்டமைப்பும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் சேர்ந்து நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹெச் அண்ட் எம் மாதிரி அந்த உடுப்பை வாங்கி விற்கிற வெளிநாட்டுக் கம்பெனியும் அதில் கட்டுப்பட்டது. உலகம் முழுக்க அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றுதான் சொல்கிறார்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் வாங்கின நம்ம ஊர், தொழிலாளர் உரிமைக்கும் பேர் வாங்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? தொழிலாளர்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, ஆலைத் தளத்திலேயே கண்காணிக்க வைத்தார்கள். பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதற்குள் வந்தது. 1932இல் பாபாசாகேப் எழுதினாரே, ஊழியர்கள் ஒடுக்கப்பட்டவர்களிலிருந்தே வர வேண்டும் என்று, அது தொண்ணூறு வருசம் கழித்து ஒரு ஆலைக்குள் நடந்தது.

இப்போது நான் கல்லூரிகளைக் கேட்கிறேன். ஆலையின் மனிதவளத் துறை களப்பணி நிறுவனம் என்றால், அந்த ஆலையின் தொழிற்சங்கம் ஏன் களப்பணி நிறுவனம் இல்லை? மனிதவள அதிகாரி கையெழுத்துச் செல்லும், சங்கத் தலைவி கையெழுத்துச் செல்லாதா?

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. எங்கள் அமைப்புக்குக் களப்பணிக்கு என்று சில வருசம் முன்னால் இரண்டு மாணவிகள் வந்தார்கள். ஒரு பிள்ளை நத்தம் பக்கம், ஆதிக்கச் சாதிக் குடும்பம். "சார், எந்தக் காலனிக்குப் போகணும்?" என்று கேட்டது. "காலனிக்கு வேணாம்மா. உங்க ஊருக்கே போ. உங்க தெருவுலயே இரு. டீக்கடையில யார் உட்கார்றாங்க, யார் நிக்குறாங்க. கோயில் வரி யார்ட்ட வாங்குறாங்க, யார்ட்ட வாங்கல. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க எந்த வாசல் வழியா வர்றாங்க. இத மட்டும் எழுதிட்டு வா" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை முதல் வாரம் இரண்டு பக்கம் எழுதியது. நாலாவது வாரம் பன்னிரண்டு பக்கம். தோட்ட வேலைக்கு வருகிற பெரியவருக்குக் கொல்லைப்புறத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற தட்டு, அவரை 'வாடா போடா' என்று கூப்பிடுகிற தன் பத்து வயதுத் தம்பி, தானும் சின்ன வயசில் அப்படித்தான் கூப்பிட்டது, எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பிள்ளை வீட்டில் அதைக் கேட்டது. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் சண்டை. மூணாவது நாள் அம்மா அந்தத் தட்டை எடுத்து வீட்டுத் தட்டுகளோடு வைத்தார்களாம். அப்பா இன்னும் பேசவில்லை என்று எழுதியிருந்தது.

ஆனால் கல்லூரியில் கையெழுத்துப் போடவில்லை. "இது சொந்த விசயம், களப்பணி இல்லை. பயனாளிகள் எங்கே?" என்றார்கள். அந்த 60 மணி நேரத்தைக் கழித்துவிட்டு வேறு இடத்தில் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையும் செய்து முடித்துப் பட்டம் வாங்கிவிட்டது. நான் படித்த களப்பணி ரிப்போர்ட்டுகளில் அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது. நான் என் தெருவுக்குப் போனால் 'உனக்கு ஈஸி', அந்தப் பிள்ளை தன் தெருவுக்குப் போனால் 'சொந்த விசயம்'. இந்த ஓரவஞ்சனையை உடைக்காமல் சமூகப்பணியில் சாதி ஒழிப்புக்கு இடம் கிடைக்காது.

நமக்குள்ளேயும் ஒரு வார்த்தை. பள்ளர், பறையர் மாணவர்கள் அருந்ததியர் தெருவுக்குக் களப்பணிக்குப் போகும்போது எப்படிப் போகிறோம்? சட்டமன்றம் 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது, 2024இல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. கோர்ட்டு தீர்த்ததை மனசு தீர்க்கவில்லை. அங்கே நாமும் ஊர்க்காரன் மாதிரி நோட்டை விரித்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? விடியற்காலையில் துப்புரவுத் தொழிலாளர்கள் மஸ்டருக்கு வந்து நிற்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் போய் நின்று, ஒப்பந்தக்காரர் பிடிக்கிற பணம் எவ்வளவு, பி.எஃப். கட்டுகிறாரா என்று அவர்களோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள்.

காசு விசயத்துக்கு வருகிறேன். தொழிற்பழகுநர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஐ.டி.ஐ. பையன் ஆலையில் பழகினால் உதவித்தொகை உண்டு. ஹவுஸ் சர்ஜனுக்கு உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. மாணவனுக்கு மட்டும் எதுவும் இல்லை, பஸ் காசும் அவனுடையது. 2021இலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாததால் மாணவிகள் கொஞ்சம் தப்பித்தார்கள். ஆனால் பிளாக் பிளேஸ்மெண்டுக்கு சென்னை, பெங்களூர் என்று போய் ஒரு மாதம் தங்க யாரிடம் காசு இருக்கிறது? காசில்லாதவன் உள்ளூரிலேயே கிடைத்த இடத்தில் முடித்துக்கொள்கிறான். நல்ல சான்றிதழ் காசிருக்கிறவனுக்குப் போகிறது. மெரிட் என்று பிறகு அதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை.

ஒன்று, ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளிப்படையாக இருக்க வேண்டும். இரண்டு வருசத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முறையாவது ஆலை அல்லது ஆஸ்பத்திரி, ஒரு முறையாவது மக்கள் குடியிருப்பு.

இரண்டு, தொழிற்சங்கங்களும் தலித் அமைப்புகளும் களப்பணி நிறுவனங்களாக ஏற்கப்பட வேண்டும்.

மூன்று, ஆதிக்கச் சாதித் தெரு களமாக வேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளை அங்கேயே அனுப்ப வேண்டும்.

நான்கு, வன்கொடுமை வழக்குகள் களமாக வேண்டும். 1989ஆம் வருசச் சட்டமும் 1995ஆம் வருச விதிகளும் கையில் இருக்கின்றன. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரித்தாரா, 60 நாளில் குற்றப்பத்திரிகை போனதா, முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைத்ததா, சாட்சிக்குப் பயணப்படி கொடுத்தார்களா, மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடியதா? ஒரு மாணவி வாரம் 15 மணி நேரம் இதைத் தொடர்ந்து போனால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பலம்!

ஐந்து, பயணச் செலவும் உதவித்தொகையும்.

ஆறு, எழுதிய ரிப்போர்ட்டை அந்த மக்கள் முன்னால் படிக்க வேண்டும். அவர்கள் தப்பு என்று சொன்னால் திருத்த வேண்டும்.

இதையெல்லாம் கல்லூரி நிர்வாகம் தானாகத் தராது. போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்பில் போன வருசம், இந்த வருசம் யார் யாருக்கு எந்த இடம் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். யார் பேரும் வேண்டாம், எந்தப் பிரிவு, எந்த இடம் என்று மட்டும் போதும். எல்லாக் கல்லூரித் தாளையும் சேர்த்து வைத்தால் மேசையில் போட்டுப் பேச நமக்கு ஒரு கணக்கு கிடைக்கும். அதைச் சேர்க்கிற பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த செமஸ்டர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கணக்கோடு போய் நிற்போம்.

ஜெய்பீம்.